தொகையைக் கடைசியில் பேசுவோம்

தை பிறந்ததும் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்கள் தேதி குறிக்கிற சமயம் அது. கூப்பிடுகிற அமைப்பாளர் வழக்கமாக இரண்டே கேள்விகள்தான் கேட்பார். "தங்கச்சி, பங்குனியில தேதி இருக்கா?" என்பது ஒன்று. "எவ்வளவு போட்டுக்கட்டும்?" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. புதிதாக மேடை ஏறியிருக்கிற பெண்கள் சிலர் போன் பண்ணி, "அக்கா, நான் எவ்வளவு கேக்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் ஆகும் என்று தோன்றியது.

நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். பவளக்கொடி, சந்திரமதி, சாவித்திரி என்று எது கேட்டாலும் போவேன், ஆனால் முக்கால்வாசி ஊர்கள் கேட்பது வள்ளி திருமணம்தான்.

எங்கள் நாடகத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், கோமாளியாக வருகிற பபூன் திண்டுக்கல்லிலிருந்து, டான்ஸ் காரைக்குடியிலிருந்து, ஆர்மோனியம் மணப்பாறையிலிருந்து. இரவு எட்டு மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பத்து மணி வாக்கில் பபூன் காமிக் ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் நாடகம் ஓடும். கதையும் பாட்டும் தர்க்கத்தின் போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது நடக்கிறது. சம்பளமும் அதே மாதிரி ஆளாளுக்குத் தனியாகப் பேசப்படுகிறது. எனக்கு எவ்வளவு என்று ராஜபார்ட்டுக்குத் தெரியாது, அவருக்கு எவ்வளவு என்று மிருதங்கக்காரருக்குத் தெரியாது. எல்லாருடைய தொகையும் தெரிந்த ஒரே ஆள் அமைப்பாளர். பேச்சில் அவர் கை எப்போதும் ஓங்கியிருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். "அந்தப் புள்ளயே ஆறுதான் வாங்குது" என்று அவர் சொன்னால், அந்தப் பிள்ளைக்கே போன் போட்டுக் கேட்டால் ஒழிய அது உண்மையா என்று நமக்குத் தெரியாது. கேளுங்கள். நான் கேட்பேன். என்னிடம் யார் கேட்டாலும் என் தொகையைச் சொல்வேன். இப்போது ஒரு இரவுக்கு 9,000 ரூபாய் வாங்குகிறேன், வண்டிச் செலவு தனி.

கம்பெனி நாடகக் காலத்தில் இந்தப் பேச்சே வேறு மாதிரி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாக நடிக்க வந்தது அங்கேதான். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் சாப்பாடும் தங்க இடமும் கம்பெனியின் பொறுப்பு. எந்த ஊருக்குப் போவது, யாருக்கு என்ன வேஷம் என்பதெல்லாம் கம்பெனி சொல்கிறபடி. ஏதாவது பேசினாலும் அது பையனைப் பெற்றவர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. எங்கள் முறையில் ஒரு இரவுக்கு ஒரு பேச்சு. விடிந்தால் நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. எனக்கு இந்தச் சுதந்திரம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதில் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி ஊற்ற முதலாளி கிடையாது. அதனால் அந்த ஒரு பேச்சுக்குள் எல்லாமே வந்தாக வேண்டும்.

அமைப்பாளர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. ஊரோடு மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசிவிடுவார்கள். அதில் நடிகர், பக்கவாத்தியம், சீன் செட்டு எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் அவர்களுக்கு. ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி போட்டு வசூல் பண்ணித்தான் பணம் தருவார்கள். வரி முழுசாக வராவிட்டால் விடியற்காலையில் நாங்கள் எல்லாரும் பார்ப்பது அமைப்பாளர் முகத்தைத்தான். சொந்தக் காசைப் போட்டு எங்களை அனுப்பிவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவருடைய நிலைமை தெரிந்தால் நாம் எதைக் கேட்கலாம், எதை அவரால் தர முடியாது என்பதும் தெரியும்.

இந்த வருஷம் ஒரு அமைப்பாளரோடு பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"எந்த ஊருண்ணே?"

"முதுகுளத்தூர் பக்கம், ஒரு கிராமம். அம்மன் கோயில் பொங்கல்."

"வள்ளி திருமணமா?"

"வேற என்னத்தக் கேக்கப் போறாங்க?"

"நாரதர் யாரு, வேலன் யாரு?"

இரண்டு பேரையும் சொன்னார்.

"ஆர்மோனியம்?"

"அது இன்னும் முடிவாகல. நீ அமவுண்ட்டச் சொல்லு தங்கச்சி, நோட்டீஸ் அடிக்கக் குடுக்கணும்."

"ஆர்மோனியம் யாருன்னு சொல்லுங்கண்ணே, அப்புறம் அமவுண்ட்டுக்கு வருவோம்."

இதைப் பிகு பண்ணுவதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஐந்து கட்டை சுதியில் பாடுகிறவள். நாரதர் இறங்கின சுதியில் நிற்கிறவராக இருந்தால், எங்கள் இரண்டு பேருக்கும் தோதாகக் கட்டையை மாற்றி மாற்றி வாசித்து, பின்பாட்டும் பாடிக் கரையேற்றுகிற ஆர்மோனியம் வேண்டும். அப்படி இல்லாவிட்டால் விடிவதற்குள் தொண்டை கட்டிவிடும். அடுத்த நாள் வேறு ஊரில் நாடகம் இருக்கும், அங்கே போய் வெறும் காற்றுதான் வரும். அதே மாதிரி நாரதர் யார் என்பதும் சம்பளத்தோடு சேர்ந்த விஷயம். சில நாரதர்கள் வள்ளியோடு தர்க்கத்தை மூன்று மணி வரைக்கும் விடாமல் கொண்டுபோவார்கள். திருக்குறளில் இருந்து கேட்பார், திருப்புகழில் இருந்து கேட்பார், நாமும் நின்று பதில் சொல்ல வேண்டும். சனங்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான், எனக்கும் அந்த மாதிரி இரவுகள்தான் உயிர். ஆனால் அது இரண்டு மடங்கு வேலை. தொகையில் அது தெரிய வேண்டும்.

அடுத்தது வீடு. பெண்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மேடைக்குப் பின்னால் தார்ப்பாயைக் கட்டி, ஒரு குண்டு பல்பைப் போட்டு, "இதுதான் மேக்கப் ரூம்" என்று காட்டுவார்கள். தார்ப்பாயில் கிழிசல் இருக்கும். கிழிசலுக்கு அந்தப் பக்கம் கண் இருக்கும். ராஜபார்ட்டும் பபூனும் அங்கேயே உடுத்திக்கொள்வார்கள், அவர்களுக்கு அது போதும். நானும் டான்ஸ் பெண்ணும் பத்து மணி நேரம் அந்த ஊரில் இருக்கிறோம். பாத்ரூம் வேண்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கருவேலங்காட்டுப் பக்கம் கையைக் காட்டுகிற ஊர்களுக்கு என் அம்மா வேறு வழியில்லாமல் போய் நடித்தார். நான் போகிறதில்லை. "கோயில் பக்கத்துல ஒரு வீடு சொல்லி வைங்க. உள்ள தாழ்ப்பாள் போடற மாதிரி கதவு இருக்கணும், பாத்ரூம் இருக்கணும்" என்று தேதி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். கேட்டால் ஊரில் யாராவது ஒரு அம்மா வீட்டைத் திறந்துவிடத்தான் செய்கிறார்கள். காப்பியும் போட்டுக் கொடுப்பார்கள். யாரும் கேட்காததால்தான் இத்தனை வருஷம் அது கிடைக்காமல் இருந்தது.

திரும்பி வருகிற வழியும் அதே மாதிரிதான். போகும்போது பஸ் இருக்கும். விடியற்காலை நாடகம் முடிந்து, அரிதாரத்தைக் கலைத்து, நகைப்பெட்டியையும் சேலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளூர் விலக்கில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே இருக்கும். பரமக்குடி வரைக்கும், அருப்புக்கோட்டை வரைக்கும், எது பக்கமோ அந்த பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி அமைப்பாளர் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். வண்டியில் கூட வருவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பு பற்றி ஒரே வரி. நடிப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டு யாராவது பணம் கொடுக்க மேடைக்கு வந்தால் கையில் கொடுக்கலாம், மைக்கில் பெயர் சொல்லி நன்றி சொல்வேன். சேலையில் குத்த வருவதற்கு அனுமதி இல்லை என்பதை நாடகம் ஆரம்பிக்கும் முன் ஊர்ப் பெரியவரிடம் அமைப்பாளரே சொல்லிவிட வேண்டும்.

இனி நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல் இரவு பன்னிரண்டு வரைக்கும் மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம். விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பெரும்பாலும் போலீஸார் திருவிழா என்று விட்டுவிடுகிறார்கள். சில சமயம் விடுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஊரில் பன்னிரண்டேகாலுக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வள்ளி அப்போதுதான் தினைப்புனத்துக்கு வந்து முதல் பாட்டை முடித்திருந்தாள். அமைப்பாளர் பாதித் தொகையைக் கொடுத்து, "பாதி நாடகம்தான நடந்துச்சு" என்றார். நான் அன்றைக்கு மத்தியானமே வீட்டை விட்டுக் கிளம்பினவள். அந்த ராத்திரிக்கு வந்த இன்னொரு தேதியை வேண்டாம் என்று சொன்னவள். போலீஸ் அனுமதி வாங்குவது என் வேலை இல்லை. அவரோடு அதற்கப்புறம் நான் நாடகம் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு நிபந்தனையை எல்லாரிடமும் சொல்கிறேன்: முகத்தில் அரிதாரம் பட்டுவிட்டால் முழுச் சம்பளம். மழை வந்தாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி, ஊரில் சாவு விழுந்தாலும் சரி. பெரும்பாலான அமைப்பாளர்கள் இதை நியாயம் என்றே ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களும் ஊரிடம் அதே வார்த்தையைச் சொல்லிக் கேட்க முடிகிறது.

அட்வான்ஸ் இதைவிடச் சிக்கல். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்களே, அது எங்களுக்குச் சரியாகப் பங்குனி. மாசியிலேயே வாங்கின அட்வான்ஸை வைத்துப் பட்டுச் சேலையும் கல் நகையும் எடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூட ஃபீஸும் கட்டியாகிவிட்டது. சித்திரை, வைகாசி எல்லாம் மொத்தமாகப் போனது. ஒரு அமைப்பாளர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். ஊர் அவரைக் கேட்கிறது, அவர் என்னைக் கேட்கிறார். இன்னொருவர், "இருக்கட்டும்மா, அடுத்த வருசம் அதுலயே கழிச்சுக்குவோம்" என்றார். இரண்டு பேருமே என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டிப் பேசப்படவே இல்லை. தேர்தல் வருஷங்களிலும் இதே கதைதான். 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19 என்று ஓட்டுப்பதிவு எங்கள் சீசனுக்கு நடுவில்தான் வந்து விழுந்தது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ராத்திரி நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைப்பது பெரும்பாடு.

அதனால் இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே நான் இரண்டு பக்கத்தையும் பேசிவிடுகிறேன். ஊர் நாடகத்தை நிறுத்தினால் அட்வான்ஸ் என்னுடையது, மிச்சத் தொகையைக் கேட்க மாட்டேன். நான் வர முடியாமல் போனால் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன், எனக்குப் பதிலாக அந்த வேஷம் கட்டத் தெரிந்த ஒரு ஸ்திரீபார்ட்டையும் நானே அனுப்புவேன். அமைப்பாளருக்குப் பெரிய பயமே ஸ்திரீபார்ட் வராமல் மேடை வெறுமையாக நிற்பதுதான். அந்தப் பயத்தை நான் என் தலையில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதும் மற்ற நிபந்தனைகளுக்கு அவர் இறங்கி வருகிறார். நாம் கேட்பதோடு கூட நாம் கொடுக்கிறதையும் சொன்னால் பேச்சு சுமுகமாகப் போகும், என் அனுபவத்தில் இது ஒரு தடவைகூடத் தவறவில்லை.

எழுதி வாங்குவது பற்றி என் அக்கா மகளோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். 1614-ல் லண்டனில் ராபர்ட் டாஸ் என்கிற நடிகர் பிலிப் ஹென்ஸ்லோ என்கிற நாடக முதலாளியோடு போட்ட ஒப்பந்தத்தை எனக்குச் சொன்னாள். ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் 1 ஷில்லிங் அபராதம். ஒத்திகை முடிந்த பிறகு வந்தால் 2. நாடகத்துக்கு வேஷத்தோடு தயாராக நிற்காவிட்டால் 3. குடித்துவிட்டு வந்தால் 10, வராமலே போனால் 20. கம்பெனி உடுப்போடு வெளியே நடந்துவிட்டால் 40 பவுண்டு! நானூறு வருஷத்துக்கு முந்தைய மேடைக்காரர்களின் தலைவலியும் எங்கள் தலைவலிதான் என்று கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு: நடிகர் குடித்திருக்கிறாரா இல்லையா என்பதை முதலாளி தீர்மானிக்க முடியாது, கூட நடிக்கிறவர்களில் நான்கு பேர் சொல்ல வேண்டும். எங்களுக்கும் அப்படி வேண்டும். நடிகை சரியாக நடிக்கவில்லை என்று தொகையைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டியது அன்றைக்கு மேடையில் இருந்த ஆர்மோனியமும் ராஜபார்ட்டும்தான்.

கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஆட்கள் சம்பளப் பேச்சை முடிக்க மாட்டார்கள். ஸ்பெஷல் நாடக மேடையில் தன் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து பாடி ஊர் ஊராகக் கொடி நாட்டியவர். 1933-ல் கிட்டப்பா இறந்த பிறகு எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அவரைத் தேடிச் சினிமாக்காரர்கள் வந்தபோது ஒரு லட்ச ரூபாய் கேட்டார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! கொடுத்தார்கள். 1935-ல் வந்த அந்தப் படத்தில் அவர் நடித்தது நந்தனாராக, ஆண் வேஷத்தில். எல்லாரும் அந்த ஒரு லட்சத்தைத்தான் பேசுகிறார்கள். நான் அந்த நந்தனார் வேஷத்தைப் பேசுகிறேன். தன் விரதத்தை விடாமல், அதற்குப் பொருந்துகிற வேஷத்தில் நடித்துவிட்டு வந்தார். தொகையோடு நின்றிருந்தால் அந்த அம்மா நமக்கு இவ்வளவு பெரியவராகத் தெரிந்திருக்க மாட்டார்.

சரி, தொகைக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் பேசி முடிந்த பிறகு தொகையைச் சொல்லுங்கள். அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த இரவு எவ்வளவு கஷ்டமானது என்று. பக்கத்து ஊர், தெரிந்த ஆர்மோனியம், வசதியான வீடு என்றால் நான் ஆயிரம் குறைத்துக்கொள்வதுண்டு. தூரத்து ஊர், பழக்கமில்லாத ராஜபார்ட் என்றால் கூட்டிக் கேட்பேன், ஏன் கூட என்பதையும் சொல்வேன். "நீங்க பாத்துக் குடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். ஊரே கொண்டாடின சந்திரமதி அவர். விடியற்காலையில் கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார், எண்ணிப் பார்ப்பது பஸ்ஸில்தான். பாதியை வேஷம் கட்டுவதற்கு முன்பு வாங்குங்கள், மீதியை மேடையை விட்டு இறங்கினதும்.

இதெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. பேசி முடித்ததும், பேசினதை நானே நான்கு வரியில் தட்டி அமைப்பாளருக்கு அனுப்பி, "சரியாண்ணே?" என்று கேட்பேன். அவர் "சரி" என்று போட்டுவிட்டால் போதும். முதுகுளத்தூர் நாடகத்துக்கும் அப்படித்தான் ஆனது. மறுநாள் ஆர்மோனியம் யார் என்று சொன்னார், நல்ல கை, நானும் தேதி கொடுத்தேன்.

வருகிற சங்கக் கூட்டத்தில் ஒரு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். தேதி, ஊர், நாடகம், கூட நடிப்பவர்கள், தொகை, அட்வான்ஸ், நின்றுபோனால் என்ன, வீடு, வண்டி, இவ்வளவுதான். கீழே அமைப்பாளர் ஒரு கையெழுத்து, கலைஞர் ஒரு கையெழுத்து. ஸ்திரீபார்ட், டான்ஸ் பெண்கள், பக்கவாத்தியக்காரர்கள் யாராக இருந்தாலும் இன்னும் எதைச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். கூட்டத்துக்கு முன்னால் சேர்த்து அச்சடித்துக் கொண்டுபோகிறேன்.